அம்மா கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை

அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு நான் ஒரு பெண்ணின் மூச்சைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்க விபரீதமாக இருக்கும். ஆனால் என் வேலையே அதுதான். செல்போனில் ஒலிப்புத்தகம் கேட்கிறீர்கள் இல்லையா? கதை வாசிப்பவர் வாசித்து அனுப்பியதை அப்படியே உங்களிடம் கொடுத்துவிட முடியாது. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அவர் இழுக்கும் மூச்சு, உதடு பிரியும்போது வரும் ‘ப்ச்’, எச்சில் விழுங்கும் சத்தம், நாற்காலியின் முனகல், தப்பாக வாசித்துவிட்டு ‘சாரி, மறுபடியும்’ என்பது, எங்கோ குரைக்கும் நாய்... எல்லாவற்றையும் உட்கார்ந்து எடுக்க வேண்டும். மூச்சை மட்டும் முழுசாக எடுக்கக் கூடாது. எடுத்தால் பேய் கதை சொல்வதுபோல் இருக்கும். பாதியாகக் குறைத்து விடுவேன். ஒரு மணி நேர வாசிப்பைச் சுத்தம் செய்ய எனக்கு மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும்.

இதற்குச் சென்னையில் இருக்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால் எங்கள் கணியம்பாடி. மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. அமிர்தி காட்டுக்கும் அருவிக்கும் போகிறவர்கள் எங்கள் பக்கமாகத்தான் போவார்கள். இன்டர்நெட் இருக்கிறது, கம்ப்யூட்டர் இருக்கிறது. அப்பா போனபிறகு அம்மாவைத் தனியாக விடமுடியாமல் நான் இங்கேயே வந்துவிட்டேன். அம்மாவுக்கு மூன்று வருடங்களுக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் பாதிதான் பேச்சைக் கேட்கும். குரலும் இறங்கிவிட்டது. தெருவில் காய்கறி வண்டிக்காரரை வீட்டுக்குள்ளிருந்தே நிறுத்திய குரல் அது.

மூச்சுக் கதைக்கு வருகிறேன். காதில் பெரிய ஹெட்போன். காதை முழுக்க மூடி, வெளிச்சத்தம் துளியும் உள்ளே வராதபடி செய்யப்பட்டது. ‘வெளி உலகமே மறந்துடும்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். பொய் சொல்லவில்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பினால் பக்கத்து வீட்டு அக்கா. ஹெட்போனைக் கழற்றினேன்.

“இன்னாடி இது? உங்கம்மா கூப்புடறது என் வீட்டுக்குக் கேக்குது. உனக்குக் கேக்கலையா?”

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கும் தெரியவில்லை. அக்காவுக்குக் கேட்டதை வைத்துக் கணக்குப் பார்த்தால் இருபது நிமிடமாவது இருக்கும். நல்லவேளை, எலும்பு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டு மட்டும் வீங்கியது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா என்னைச் சமாதானப்படுத்தினாள்: “நீ வேலையா கீறியேன்னு நான்தான் மெதுவா கூப்ட்டேன்.”

மெதுவாகக் கூப்பிட்டதா தாண்டியிருக்கும் வீட்டுக்குக் கேட்டது?

அன்று இரவு அந்த ஹெட்போனைத் தொடவே பிடிக்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தியின் மூச்சை எண்ணி எண்ணிக் குறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், என்னைப் பெற்றவள் எட்டடி தூரத்தில் கத்தியது கேட்கவில்லை. ஒரு மணியை வாங்கி அம்மா கட்டிலில் கட்டலாமா என்று யோசித்தேன். எந்த மணியும் அந்த ஹெட்போனுக்குள் கேட்காது. ஸ்பீக்கரில் வேலை பார்க்கலாம் என்று இரண்டு நாள் முயன்றேன். எங்கள் வீட்டு அறை, சிமென்ட் தரையும் வெற்றுச் சுவருமாக, போட்ட சத்தத்தையெல்லாம் திருப்பி அடித்தது. வாசித்தவர் அறையின் எதிரொலி எது, என் அறையின் எதிரொலி எது என்று பிரிக்க முடியவில்லை.

அப்போதுதான் ‘ஓப்பன் பேக்’ ஹெட்போன் ஞாபகத்துக்கு வந்தது. முதுகு திறந்த ஹெட்போன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒலித்துறையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த சமாசாரம்தான். ‘வெளிச்சத்தம் உள்ளே வரும், உள்சத்தம் வெளியே போகும்’ என்ற அதன் குறைக்காகவே நானும் இத்தனை வருஷம் அதைத் தள்ளி வைத்திருந்தேன். இப்போது எனக்கு வேண்டியதே அந்தக் குறைதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஹெட்போனுக்குள் ஒரு மெல்லிய சவ்வு அதிர்கிறது. அது காதுப்பக்கம் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறதோ, அவ்வளவு காற்றை முதுகுப்பக்கமும் தள்ளுகிறது. மூடிய ஹெட்போனில் அந்த முதுகுப்பக்கச் சத்தம் பிளாஸ்டிக் கிண்ணத்தில் மோதித் திரும்பி வரும். உள்ளே பஞ்சு வைத்து அடக்குவார்கள். இருந்தாலும் ஒரு பங்கு திரும்பும். குடத்துக்குள் வாயை வைத்துப் பேசிப் பாருங்கள், உங்கள் குரலே கொஞ்சம் கும்மென்று மாறிக் கேட்கும். திறந்த ஹெட்போனில் கிண்ணத்துக்குப் பதிலாகச் சல்லடைபோல் கம்பி வலை. முதுகுச் சத்தம் வெளியே போய்விடும். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி குரல் குரலாகவே கேட்கும்.

அதனால்தான் ஸ்டூடியோக்களில் இரண்டையும் வைத்திருப்பார்கள். பாடகர் மைக் முன்னால் நின்று பாடும்போது மூடியது. திறந்ததைப் போட்டால் அதிலிருந்து கசியும் தாளமும் மெட்டும் மைக்கில் ஏறிவிடும். பதிவு முடிந்து, உட்கார்ந்து நிதானமாகக் கேட்டு எடை போடும் வேலைக்குத் திறந்தது. நான் ஒருமுறை மலைமேல் ஒரு ஊரில், கதை சொல்லும் பாட்டிகளின் குரலைப் பதிவு செய்யப் போனபோது மூடியதைத்தான் மாட்டிக்கொண்டு போனேன். அங்கே அது சரி. காற்று, ஆடு, குழந்தைகள் எல்லாவற்றுக்கும் நடுவே மைக்கில் என்ன விழுகிறது என்பதை மட்டும் கேட்கவேண்டும். ஆனால் அதையே வீட்டிலும் எட்டு மணி நேரம் போட்டுக்கொண்டிருந்தது என் சோம்பேறித்தனம்.

இந்தத் திறந்த முதுகு ஒன்றும் புதுசு இல்லை. ஹெட்போனே நூறு வருஷத்துக்கு மேல் பழசு. 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்த ஹெட்போன்களைத்தான் அந்த நாட்டுக் கடற்படை வாங்கியது. 1958-ல் ஜான் காஸ், பாட்டை ஸ்டீரியோவில் கேட்கும் ஹெட்போனைக் கொண்டுவந்தார். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் ஹெச்.டி. 414 என்ற மாடலை விட்டது. முதுகு திறந்து விற்பனைக்கு வந்த முதல் ஹெட்போன் அது. காதில் படும் இடத்தில் மஞ்சள் ஸ்பாஞ்சு. அதுவரை ராணுவத்துச் சாமான்போல் கனத்துக் கிடந்த பொருள், அதற்குப் பிறகுதான் வீட்டுச் சாமான் ஆனது. கோடிக்கும் மேல் விற்றது.

சரி, எதை வாங்குவது?

பக்கத்து வீட்டு அக்காவை அம்மாவோடு உட்கார வைத்துவிட்டு ஒரு நாள் அதிகாலையில் பஸ் பிடித்தேன். காட்பாடியில் ரயில் ஏறி சென்னை. ரிச்சி தெருவில் சுற்றி, ஒலிப்பொருள்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைத்தம்பி உடனே ஒரு ஆங்கிலப் பாட்டைப் போட்டார். பறை மாதிரி இடி, மின்னல். “மேடம், பேஸ் எப்படி இருக்கு பாருங்க!”

“தம்பி, எனக்கு இடி வேண்டாம்ப்பா. ஒருத்தர் புத்தகம் வாசிக்கிறதைக் கேக்கணும்” என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஹோட்டலுக்குப் போய் வெந்நீர் மட்டும் கேட்டவளைப் பார்ப்பதுபோல்.

நான் என்னுடைய லேப்டாப்பில் மூன்று ஒலிகளைக் கொண்டு போயிருந்தேன். ஒன்று, நான் நூறு முறையாவது கேட்டு மனப்பாடமான ஒரு ஆண் குரல். இரண்டாவது, ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ மூன்றும் காதைக் குத்தும்படி வாசிக்கும் ஒரு பெண் குரல். மூன்றாவது, யாரும் பேசாத வெறும் அறையின் சத்தம், முப்பது நொடி. இந்த மூன்றாவதைக் கேட்டுத் தம்பி சிரித்தார். ஆனால் எனக்கு அதுதான் பரீட்சைத்தாள். ஒலிப்புத்தகம் வாங்கும் நிறுவனங்கள் இதில் கறார். அமேசானின் ஏ.சி.எக்ஸ். தளத்தில், பேச்சு இல்லாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எவ்வளவு இரைச்சல் என்பதை மீட்டர் காட்டிவிடும். அது ஃபேனா, ஃபிரிட்ஜா, கரன்ட் கம்பியின் ‘ம்ம்’ என்ற முனகலா என்பதைக் காதுதான் சொல்லவேண்டும். ஃபேனுக்கு ஒரு வைத்தியம், முனகலுக்கு வேறு வைத்தியம்.

இன்னொரு விஷயத்தையும் தொழிலில் கற்றிருந்தேன். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ, அதுதான் நல்லது என்று காது சாட்சி சொல்லிவிடும். பொய்ச்சாட்சி. இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் ஒப்பிடவேண்டும். தம்பி பொறுமையாக வைத்துக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் பேயர்டைனமிக் டி.டி. 990 ப்ரோ. போட்டதுமே ஒரு ஆச்சரியம். மஞ்சள் விளக்கில் பார்த்துக்கொண்டிருந்ததை டியூப்லைட்டில் பார்ப்பதுபோல் இருந்தது. உதட்டுச் சத்தம், பல்லில் காற்று உரசுவது எல்லாம் துல்லியம். உச்ச ஒலிகளைத் தூக்கிக் காட்டும் சுபாவம் அதற்கு. குறை கண்டுபிடிக்க இதைவிட நல்ல ஆள் கிடைக்காது. ஆனால் அந்த ‘ஸ’ குரலைப் போட்டதும் காதில் ஊசி. எனக்கு இன்னொரு பயமும் வந்தது. ஹெட்போன் ‘ஸ’வைக் கூட்டிக் காட்டினால், நான் அதை அதிகமாக வெட்டுவேன். வெட்டியதைச் சாதாரண இயர்போனில் கேட்பவர்களுக்கு, வாசித்தவருக்குப் பல் விழுந்துவிட்டதுபோல் இருக்கும்.

அடுத்தது ஏ.கே.ஜி. கே 702. இதில் ஒலி விரிந்து, பெரிய கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கச்சேரிப் பதிவுகளைச் செய்கிறவர்களுக்குப் பிடித்துப்போகும். நாகஸ்வரம் இங்கே, தவில் அங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம். எனக்கோ ஒரே ஒரு ஆள், நேருக்கு நேர் உட்கார்ந்து கதை சொல்கிறார். அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசியதுபோல் பட்டது.

கடையில் திறந்தவை அந்த இரண்டுதான் இருந்தன. சினிமா ஒலிப்பிரிவில் வேலை பார்க்கும் தோழியிடம் ஆடியோ-டெக்னிகாவின் ஆர் 70 எக்ஸ் இருந்தது. 210 கிராம்தான். தலையில் ஏதோ வைத்திருக்கிறோம் என்பதே மறந்துவிடும். கழுத்து வலிக்காரர்கள் இதை யோசிக்கலாம். என் கையில் கொடுத்துவிட்டு அவளே கேட்டாள், “உன்கிட்ட இருக்கிற பெட்டி இதுக்குப் பத்துமா?”

பத்துமா என்றால் மின்சாரக் கணக்கு. ஹெட்போன் அட்டையில் ஓம் என்று ஒரு எண் போட்டிருக்கும். அது மின்தடை. ஆர் 70 எக்ஸ் 470 ஓம். டி.டி. 990 ப்ரோ பெரும்பாலும் 250 ஓமில் கிடைக்கும். எண் பெரிதாக இருந்தால் உயர்வு என்று அர்த்தம் இல்லை. நாலாவது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவதுபோல், தள்ளுகிற மோட்டாருக்கு வலு வேண்டும் என்றுதான் அர்த்தம். செல்போனில் செருகினால் சத்தம் சுணங்கி வரும். என்னிடம் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது. பேச்சுக்கு அதுவே போதும் என்று அன்று செருகிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஓம் எண்ணை மட்டும் பார்த்தும் ஏமாறக் கூடாது. கே 702 வெறும் 62 ஓம்தான். ஆனாலும் நிறைய உழைக்க வைக்கும். கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் திருப்பித் தருகிறது என்ற இன்னொரு எண்ணும் அட்டையில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

அந்தத் தோழிதான் ஒரு பெரியவரிடம் அனுப்பிவைத்தாள். கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னிடம் இருந்த சென்ஹைசர் ஹெச்.டி. 600-ஐ விற்க நினைத்திருந்தார். 1997-ல் வந்த மாடல், இன்னும் விற்பனையில் இருக்கிறது. புதிதாக வாங்கினால் என் ஒரு மாத வருமானத்தை விழுங்கிவிடும். பழையது என்பதால் கை எட்டியது.

“ஏம்மா, மூடினதையே வெச்சுக்க வேண்டியதுதானே? வீட்டுல வேலை பாக்கிறவங்க அதைத்தானே தேடுவாங்க?” என்றார்.

அம்மா விழுந்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய் ஹெட்போனை எடுத்து வந்து, என் லேப்டாப்பில் அவரே செருகினார்.

மனப்பாடமான அந்த ஆண் குரலைப் போட்டேன். வாசித்தவர் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அதைவிட வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பளபளப்பு இல்லை, கூடம் இல்லை, இடி இல்லை. ஆழத்து ஒலி குறைவுதான். திறந்த ஹெட்போன்களில் பெரும்பாலும் அப்படித்தான், காற்று வெளியே போய்விடுவதால் அடிமட்டத் தாளம் மெலியும். சினிமாப் பாட்டு செய்கிறவர்களுக்கு அது பெரிய விஷயம். மனிதக்குரல் அவ்வளவு ஆழத்துக்கு இறங்குவதில்லை. ‘ஸ’ பெண் குரலைப் போட்டேன். குத்தியது, ஆனால் அவர் வாசித்த அளவுக்குத்தான் குத்தியது. வெறும் அறையின் சத்தத்தைப் போட்டபோது, அடியில் கரன்ட் முனகல் கேட்டது. அதை நான் மூடிய ஹெட்போனில் ஆறு மாதமாக ஃபேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே குக்கர் விசில் அடித்தது. பெரியவரின் மனைவி, “காபி போடட்டுமா?” என்று கேட்டார். காதில் ஹெட்போனோடு, “போடுங்கம்மா” என்றேன்.

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

பழைய ஹெட்போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காதில் படும் மெத்தையைப் பாருங்கள். அது அமுங்கிப் போயிருந்தால் சவ்வு காதுக்குக் கிட்டே வந்து ஒலியே மாறிவிடும். ஒருவர் வியர்வை இன்னொருவருக்கு வேண்டவும் வேண்டாம். புது மெத்தை வாங்கிப் போட்டேன். ஒயர், மெத்தை, தலைப்பட்டை எல்லாம் கழற்றி மாற்றக்கூடியதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மாற்ற முடியாததை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம். வெல்வெட் மாதிரித் துணி மெத்தையாக இருப்பது எங்கள் ஊருக்கு இன்னும் விசேஷம். வேலூர்ப் பக்கத்து வெயில் தெரியும்தானே? ரெக்சின் மெத்தை போட்ட ஹெட்போனைச் சித்திரையில் மாட்டினால் பத்து நிமிடத்தில் காதோரம் ஊற்று. கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு அரைமணி நேரம் போட்டுப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஹெச்.டி. 600 முதலில் தலையை இடுக்கிபோல் பிடிக்கும் என்பார்கள். எனக்கு முன்னால் பெரியவரின் தலை அதைப் பழக்கி வைத்திருந்தது.

இனி, கஷ்டங்கள்.

வீட்டுக்கு வந்து ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபேன் சத்தம் முழுசாகக் காதில். அதைத் தாண்டிக் கேட்கச் சத்தத்தைக் கூட்டினேன். மதியத்துக்குள் காது அடைத்துக்கொண்டது. இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபெல் அளவுக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். நான் வாரத்தில் நாற்பது மணி நேரம் கேட்டுச் சம்பாதிப்பவள். எனக்கு இருக்கிற ஒரே முதல் இந்த இரண்டு காதுகள். ஃபேனோடு போட்டி போட்டால் முதல் கரைந்துவிடும்.

ஃபேனை நிறுத்தினால் வெயில். மயில் வேறு. மலையடிவாரத்தில் இப்போது காக்காவைவிட மயில்தான் அதிகமோ என்று எனக்குச் சந்தேகம். காட்பாடி-விழுப்புரம் பாதை ரயில் எங்கள் ஊர் வழியாகப் போகும்போது கதாநாயகி அழுதால், அவள் ரயிலில் அடிபட்டதுபோலவே எனக்குக் கேட்கும்.

கடைசியில் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து ஏழு மணிவரை. எங்கள் மலையிலேயே காவலூரில் வைணு பாப்பு வானோக்ககம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986-லிருந்து அங்கே நட்சத்திரம் பார்க்கிறது. ஊர் வெளிச்சம் படாத இருட்டு வேண்டும் என்று தேடி மலைக்குப் போனார்கள். நான் மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, சத்தத்தில் அப்படி ஒரு இருட்டு எப்போது வரும் என்று தேடினேன். மூன்றரை மணிக்கு வருகிறது. குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஃபேன் வேண்டாம். நுணுக்கமான வேலையெல்லாம் அப்போது. பகலில் வெறும் வெட்டி ஒட்டும் வேலை. எல்லாம் முடிந்தபிறகு, நடைபாதைக் கடையில் வாங்கிய சாதா இயர்போனிலும் செல்போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பேன். நீங்கள் அதில்தானே கேட்கப் போகிறீர்கள்!

முதலில் நான் என் அறையில்தான் உட்கார்ந்தேன், கதவைத் திறந்து வைத்து. அம்மா புரண்டு படுப்பது கேட்டது. இருமல் கேட்டது. “தண்ணி” என்பது முதல் தடவையே கேட்டது. முதல் வாரம் முழுக்க, அவள் கூப்பிடாமலேயே கூப்பிட்டதுபோல் இருந்து நாலைந்து முறை எழுந்து ஓடியிருப்பேன். “இன்னாத்துக்குடி வந்து வந்து பாக்கற? நான் கீறனா போய்ட்டனான்னா?” என்று அம்மாவுக்கு எரிச்சல். அப்புறம் மேசையை அவள் அறைக்கே மாற்றிவிட்டேன். அவளுக்கும் அந்த நேரத்தில் தூக்கம் வருவதில்லை.

இங்கேதான் நான் நினைத்துப் பார்க்காதது நடந்தது. உள்சத்தம் வெளியே கசியும் என்று சொன்னேன் இல்லையா? பகலில் அது யாருக்கும் கேட்காது. அதிகாலை நிசப்தத்தில், மூன்றடி தூரத்துக் கட்டிலில் படுத்திருப்பவளுக்குத் தேனீ ரீங்காரம்போல் மெலிசாக, ஆனால் வார்த்தை புரிகிற அளவுக்குக் கேட்கும். எனக்கு அது தெரியாது. ஒருநாள் காலை பல் தேய்த்துவிட்டுக் காபி கொடுக்கும்போது அம்மா கேட்டாள்: “அந்தப் பொண்ணு நகையை அடகு வெச்சாளே, மூட்டுட்டாளா?”

எந்தப் பெண் என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. நான் கதை கேட்பதே இல்லை. மூச்சு, எச்சில், நாற்காலி இவற்றைத்தான் கேட்பேன். ஒரு நாவலை முழுக்கச் சுத்தம் செய்து முடித்தபிறகும் அதில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று கேட்டால் முழிப்பேன். அம்மா படுத்தபடி பதினேழு நாளாகத் தொடர்கதை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஒரே வரியைப் பத்து முறை ஓட்டும்போதெல்லாம், “அட, மேல போடி” என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு.

வெளியாகாத புத்தகத்தை வெளியாள் யாரும் கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அம்மா வெளியாளா என்று அதில் எழுதவில்லை.

போன மாதம் ஒரு நாவலை முடித்து, அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை ஓடவிட்டேன். பன்னிரண்டாவது அத்தியாயம். கட்டிலில் இருந்து கை நீண்டு என் முழங்கையைத் தொட்டது.

“இவளுக்குச் சளி புட்ச்சிகீது.”

“யாருக்கும்மா?”

“படிக்கிறாளே, அவளுக்குத்தான். நடுவுல ரெண்டு பேச்சு மட்டும் மூக்கடைச்சுக்கினு பேசறா. மறுபடியும் நல்லாப் பேசறா.”

பின்னால் போய்க் கேட்டேன். வாசிப்பில் தப்பு வந்த இடங்களை வாசித்தவர் வேறொரு நாள் திரும்ப வாசித்து அனுப்புவார். அதை நான் வெட்டி நடுவில் ஒட்டுவேன். ஒட்டு தெரியக் கூடாது, அதுதான் தொழில். இரண்டு வரிகள். சத்தத்தின் அளவு சரியாக இருந்தது, அறையின் இரைச்சல் சரியாக இருந்தது, மீட்டரில் எல்லாம் பச்சை. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் எனக்கும் பிடிபட்டது. ‘ம’வும் ‘ந’வும் கொஞ்சம் அடைத்திருந்தன.

அந்த இரண்டு வரிகளை மறுபடி வாசித்து அனுப்பும்படி அந்தப் பெண்ணுக்குச் செய்தி போட்டேன். ஒன்பது மணிக்குப் பதில் வந்தது. ‘அன்னிக்கு எனக்கு ஜலதோஷம்தான் மேடம். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?’

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “கஷாயம் வெச்சுக் குடிக்கச் சொல்லு” என்றாள்.